குளிர் நாட்டில் கண்ட நட்பு

பொருநை பாய்ந்து வளம் பெருக்கும் திருநெல்வேலிச் சீமையின் கீழ்க்கடற்கரையில், திருச்செந்தூருக்குத் தெற்கே அமைந்துள்ள பழம்பதி குலசேகரன்பட்டினம். குலசேகரன் என்பது பாண்டிய மன்னர் பலர் பூண்டிருந்த பெயராகும். பாய்மரக் கலங்கள் வந்து தங்கிச் சென்ற துறைமுகமாக அவ்வூர் ஒரு காலத்தில் விளங்கியது. முத்தாரம்மன் கோயிலில் நிகழும் தசராப் பெருவிழாவுக்கு ஆண்டுதோறும் பல்லாயிரவர் அங்கே திரள்வர். கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, உப்பு விளைவிக்கும் தொழில் அக்கரையோரத்தில் நெடுங்காலமாக நடந்து வருவது.

அமைதி தவழும் இவ்வூர், 1942ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பேசப்பட்டது. 'வெள்ளையனே வெளியேறு' என்னும் முழக்கம் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் எழுந்தது. அடுத்த திங்களிலேயே, விடுதலை வேட்கை கொண்ட இளைஞர் சிலர் குலசேகரன்பட்டினத்து உப்பளத்துக்குள் புகுந்தனர். அங்கு நேர்ந்த மோதலில் லோன் என்னும் ஆங்கில அதிகாரி உயிரிழந்தார். அதன் பயனாக எழுந்த வழக்கில் காசிராசன், இராசகோபாலன் என்னும் இளைஞர் இருவருக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அவர்கள் அத்தண்டனையினின்று மீண்டு உயிர்பிழைத்தனர்.

உள்நாட்டில் இவ்வாறு போர் மூண்ட அதே ஆண்டில், கடல் கடந்த நாடுகளிலும் இந்தியர் விடுதலைக்கு வழி தேடிக்கொண்டிருந்தனர். பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தினின்று மலேயாவுக்கும் பர்மாவுக்கும் சென்ற மக்கள் மிகப் பலர். உலகப் போர் அந்நாடுகளைச் சூழ்ந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கு வாழ்ந்த இந்தியரின் எதிர்காலம் என்ன என்னும் வினா எழுந்தது. அவ்வினாவுக்கு விடை காணும்பொருட்டு, அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை, ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவில், சன்னோ என்னும் விடுதியில் ஒரு மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் இராசு பிகாரி போசு என்னும் வங்காள வீரர்.

இந்தியர் ஒருவர் டோக்கியோ நகரில் மாநாட்டுத் தலைவராக வீற்றிருந்தது எவ்வாறு? இதனை அறிய வேண்டுமாயின், இருபத்தாறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, அதே நகரில் நிகழ்ந்த ஒரு குளிர்கால இரவைக் காணுதல் வேண்டும்.

இராசு பிகாரி போசு 1886ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்தவர். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், டில்லி மாநகரில் யானைமீது ஊர்வலம் வந்த அரசப் பிரதிநிதி ஆர்டிஞ்சுப் பிரபுவின்மீது குண்டு வீசப்பட்டது. அதற்குத் திட்டம் வகுத்தவர் இவரே. 1915ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இந்தியப் படைவீரரிடையே கிளர்ச்சி மூட்ட இவரும் தோழர்களும் முயன்றனர். காட்டிக் கொடுப்போரால் அம்முயற்சி முறிந்தது. தோழர் பலர் சிறைப்பட்டனர். எங்கும் காவலர் தேடவே, இனி இந்நாட்டில் இருத்தல் இயலாது எனக் கண்ட போசு, தம்மைத் தாகூரின் உறவினர் எனக் கூறிக்கொண்டு, வேறு பெயர் தாங்கி, அவ்வாண்டு மே மாதத்தில் கல்கத்தாவில் ஜப்பானியக் கப்பல் ஒன்றில் ஏறினார். சூன் மாதத்தில் ஜப்பான் சேர்ந்தார்.

ஆயினும் அங்கும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. இங்கிலாந்தும் ஜப்பானும் 1902ஆம் ஆண்டு முதலே நட்பு உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகள். போசு இன்னார் என்பதை ஆங்கிலேயர் அறிந்தனர். அவரை வெளியேற்றுமாறு வற்புறுத்தினர். நவம்பர் இறுதியில் லாலா லசபதிராய் கலந்துகொண்ட கூட்டம் ஒன்று டோக்கியோவில் நடைபெற்றது. அதற்கு மறுநாளே ஜப்பானிய அரசின் ஆணை பிறந்தது. இராசு பிகாரி போசும், அவருடைய தோழர் ஏரம்பலால் குப்தாவும் டிசம்பர் 2ஆம் நாளுக்குள் நாட்டை விட்டு நீங்க வேண்டும் என்பதே அவ்வாணை.

நாட்டை விட்டு நீங்குதல் என்பது அந்நாளில் எளிய சொல் அன்று. கப்பல் ஏறினால் வழியில் ஆங்கிலேயர் கையில் அகப்படுதல் உறுதி. அகப்பட்டால் தூக்குமேடை உறுதி. இருவாரங்களுக்கு முன்னர்தான், நவம்பர் 16ஆம் நாள், இலாகூரில் கர்த்தார் சிங் சராபா என்னும் பத்தொன்பது வயது இளைஞர் தூக்கிலிடப்பட்டிருந்தார். அவர் அக்கிளர்ச்சியில் போசுடன் தோளோடு தோள் நின்றவர். மொழியும் வழியும் அறியாத நாட்டில், எண்ணப்பட்ட சில நாழிகைகளே எஞ்சியிருக்க, அவ்விருவரும் செய்வதறியாது நின்றனர்.

டோக்கியோவின் ஒரு பகுதியாகிய சின்சுகுவில் நாகமுராயா என்னும் ரொட்டிக்கடை இருந்தது. அதனை நடத்தியவர் சோமா ஐசோ என்பவரும் அவர் மனைவியார் கொக்கோ அம்மையாரும் ஆவர். அவர்கள் செல்வாக்கு மிக்கவர் அல்லர். அரசியல் தலைவரும் அல்லர். விடிந்தால் மாவு பிசைந்து, பொழுது சாயும்வரை விற்பனை செய்யும் வணிகர். அடைக்கலம் தேடி வந்தவரை அரசே விரட்டுவது முறையன்று என ஐசோ மனம் வருந்தினார். கடைக்கு வந்த பத்திரிகையாளர் ஒருவரிடம், தம் இல்லத்தில் வேண்டுமாயின் அவர்களை மறைத்து வைக்கலாம் என்று கூறினார். அச்சொல், இந்தியருக்கு உதவ முன்வந்திருந்த டோயாமா மிட்சுரு என்னும் தலைவரின் செவிக்கு எட்டியது.

டிசம்பர் முதல் நாள் இரவு. காவலர் வெளியே கண்காணித்திருக்க, போசும் குப்தாவும் விடைபெறுவார்போல டோயாமாவின் இல்லத்துக்குச் சென்றனர். உள்ளே உடை மாற்றிக்கொண்டு, பின்புற வழியாக வெளியேறி, காத்திருந்த மோட்டார் வண்டியில் ஏறினர். வண்டி இருளைக் கிழித்துக்கொண்டு சின்சுகுவுக்கு விரைந்தது. காவலர் உண்மை உணர்வதற்குள், அவ்விருவரும் ரொட்டிக்கடையின் பின்கட்டிலிருந்த ஓர் ஓவியக்கூடத்துக்குள் மறைந்தனர்.

ஜப்பானின் குளிர்காலம் தமிழ்நாட்டார் அறியாதது. பொருநைக் கரையில் மார்கழிப் பனி புல்நுனியில் முத்தாகத் தங்கும். கதிரவன் எழுந்தால் மறையும். டோக்கியோவிலோ டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடமேற்கிலிருந்து வாடை வீசும். இரவில் நீர் உறையும். சில நாள்களில் வெண்பனி பொழியும். அந்நாளைய ஜப்பானிய இல்லங்களில் சுவர்களுக்கு ஈடாக மரச்சட்டங்களில் காகிதம் ஒட்டிய தள்ளுகதவுகளே மிகுதி. தரையில் வைக்கோலும் கோரையும் கொண்டு செய்த தடித்த பாய்கள் விரிக்கப்பட்டிருக்கும். இரவில் அவற்றின்மீது பஞ்சு மெத்தை விரித்து உறங்குவர். விடிந்ததும் சுருட்டி வைப்பர். சாம்பல் நிரப்பிய கலத்தில் கரித்துண்டுகள் கனன்றுகொண்டிருக்கும். அதனைச் சுற்றி அமர்ந்து கைகளைக் காய்ச்சிக்கொண்டு, பாலும் சர்க்கரையும் சேராத பசுந்தேநீர் அருந்துவர்.

அத்தகைய குளிரில் ஏறத்தாழ நான்கு திங்கள் அந்தப் பின்கட்டே போசுக்கு உலகமாயிற்று. அவர் தெருவில் கால் வைத்ததில்லை. கொக்கோ அம்மையார் ஆங்கிலம் கற்றவர். ஆதலின் அவரே விருந்தினரின் தேவைகளைக் கேட்டறிந்து உதவினார். கடையில் வேலை செய்தவர் அனைவரும் இரகசியத்தை அறிந்திருந்தனர். ஒருவரேனும் வாய் திறந்தாரில்லை. காட்டிக் கொடுத்தலால் தாய்நாட்டில் தோல்வியுற்ற வீரர், அயல்நாட்டில் ரொட்டி சுடும் தொழிலாளரின் வாய்மையால் உயிர் தாங்கினார் என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

விருந்தோம்பல் என்பது வந்தவருக்கு இலையிட்டு உணவு படைப்பதோடு முடிவதன்று. வந்தவரால் தனக்கு வரக்கூடிய இடரையும் ஏற்றுக்கொள்வதே அதன் எல்லை. தமிழகத்திலும் அந்நாளில் இத்தகைய அடைக்கலம் தேவைப்பட்டது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பி, 1908ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுவைக்குச் சென்றார். 1918ஆம் ஆண்டு வரை அங்குத் தங்கினார். ஒற்றர் சூழ்ந்த அந்நகரில் அவருக்கு உதவிய இல்லத்தாரும் இடர் அறிந்தே உதவினர். வங்காளத்து வீரருக்கு டோக்கியோ எவ்வாறோ, அவ்வாறே தமிழ்ப் புலவருக்குப் புதுவை.

1916ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு தன் ஆணையை நெகிழவிட்டது. எனினும் ஆங்கில ஒற்றர் போசைத் தொடர்ந்தவண்ணம் இருந்தனர். அவர் வீடு மாற்றி வீடு மாற்றி மறைந்து வாழ்ந்தார். துணையின்றி அவர் பிழைத்தல் அரிது எனக் கண்ட நண்பர், சோமாவின் மூத்த மகள் டோசிகோவை அவருக்கு மணமுடிக்கலாம் என்றனர். ஓய்வின்றி ஓடும் ஒருவரை மணப்பது இன்ப வாழ்வு ஆகாது என்பதை அந்நங்கை அறிவாள். ஆயினும் நன்கு சிந்தித்துத் தானே இசைந்தாள். 1918ஆம் ஆண்டு திருமணம் நிகழ்ந்தது. ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். 1923ஆம் ஆண்டு போசு ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். மறைவு வாழ்க்கை முடிந்தது. ஆனால் 1925ஆம் ஆண்டிலேயே, முப்பது வயது நிரம்புமுன், டோசிகோ உலக வாழ்வை நீத்தாள்.

மனைவி மறைந்த பின்னரும் அக்குடும்பத்தோடு போசு கொண்ட உறவு மறையவில்லை. 1927ஆம் ஆண்டு நாகமுராயாவில் சிற்றுண்டிச்சாலை ஒன்று தொடங்கப்பெற்றது. ஜப்பானியர் அதற்கு முன்னரே கறிக்குழம்பை அறிவர். ஆனால் அது ஆங்கிலேயர் வழியாக வந்தது. கோதுமை மாவு சேர்த்துக் கெட்டியாக்கப்பட்டது. இந்திய முறையில் மசாலைப் பொருள்களைச் சேர்த்து, எலும்போடு கூடிய கோழிக்கறிக் குழம்பைச் சமைக்கும் வகையைப் போசு அங்கே கற்பித்தார். அடைக்கலம் தந்த கடைக்கு அவர் அளித்த கைம்மாறு அது. அவ்வுணவு இன்றும் நாகமுராயாவில் பரிமாறப்படுகிறது.

இத்தகைய வரலாறு உடையவரே 1942ஆம் ஆண்டு சன்னோ விடுதியில் தலைமை தாங்கினார். குளிர்காலம் முடியும் தறுவாய். செர்ரி மரங்கள் பூக்கத் தொடங்கும் காலம். அவ்விடுதி 1932ஆம் ஆண்டு மேனாட்டு முறையில் கட்டப்பெற்றது. 1936ஆம் ஆண்டு பிப்ரவரியில், பனி மூடிய நகரில் கிளர்ச்சி செய்த ஜப்பானியப் படைவீரர் இவ்விடுதியையே கைப்பற்றித் தங்கியிருந்தனர். இப்போதோ அதன் கூடத்தில், மலேயாவிலிருந்தும் கிழக்காசிய நாடுகள் பிறவற்றிலிருந்தும் வந்த இந்தியர் ஒன்றுகூடினர். பினாங்கு நகரின் வழக்கறிஞர் இராகவன், கே. பி. கேசவ மேனன், சிங்கப்பூர்க் கோகோ, படைத்தலைவர் மோகன் சிங் முதலியோர் அவருள் சிலர்.

கூட்டம் துயரத்தோடு தொடங்கியது. மாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த விமானம் ஒன்று வழியில் வீழ்ந்தது. சுவாமி சத்தியானந்த புரி, பிரீதம் சிங், நீலகண்ட ஐயர், அக்ரம் கான் ஆகிய நால்வரும் அதில் மாண்டனர். சமயத்தால் வேறுபட்ட அந்நால்வர் ஒரே நோக்கத்தோடு புறப்பட்டு, ஒரே நாளில் உயிர் நீத்தனர்.

விடுதியில் தங்கியோருக்கு உணவுக்கோ வசதிக்கோ குறைவில்லை. ஆயினும் அவர்தம் உள்ளத்தில் ஓர் ஐயம் உறுத்திக்கொண்டிருந்தது. 'நம்மை விருந்தினராக அழைத்தது யார்? ஆங்கிலேயரை விரட்டும் இந்த நாடு, நாளை நம் நாட்டில் ஆங்கிலேயரின் இடத்தில் தான் அமர எண்ணுமோ? தலைமை தாங்கும் போசு நம்மவரா, ஜப்பானியரா?' என்று அவர்கள் எண்ணினர். ஜப்பானிய உடன்படிக்கையின் பெயரால் போசு விரட்டப்பட்டதையும், பின்னர் அந்நாட்டுக் குடிமகனாகவே மாறியதையும் எண்ணுங்கால், அவ்வையம் இயல்பானதே. தமக்கு உயிர் தந்த நாட்டின்பால் அவர் நன்றி பாராட்டினார். வந்தவர்களோ தம் மக்களின் உரிமையை எண்ணினர். இரண்டும் குற்றமல்ல. இரண்டையும் ஒருங்கே காப்பதுதான் அரிது.

மலேயாவிலிருந்து சென்றோர் ஐயத்தை மனத்துள் மறைத்து இன்சொல் பேசி மீளவில்லை. தாம் நல்லெண்ணத் தூதுவராக வந்தவரேயன்றி, மலேயா இந்தியர் அனைவருக்குமாக முடிவு செய்யும் உரிமை பெற்றவரல்லர் என உரைத்தனர். எவ்வகை அந்நிய ஆதிக்கமும் அற்ற முழு விடுதலையே குறிக்கோள் என மாநாடு தீர்மானித்தது. இறுதி முடிவுக்காக சூன் மாதத்தில் பாங்காக்கு நகரில் பேராளர் மாநாடு ஒன்று கூடியது. இந்தியாவின் வருங்கால அரசியலமைப்பை இந்திய மக்களின் பிரதிநிதிகளே வகுக்க வேண்டும் என்பதும் அம்மாநாட்டின் தீர்மானங்களுள் ஒன்று. அவற்றை ஏற்பதாக ஜப்பானிய அரசிடம் அவர்கள் தெளிவான உறுதி வேண்டினர். அத்தகைய உறுதி வரவில்லை. அதனால் பிணக்கு முற்றியது. 1942ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் மோகன் சிங் காவலில் வைக்கப்பட்டார்.

போசு யாருடையவர் என்னும் வினாவுக்கு விடை அடுத்த ஆண்டில் கிடைத்தது. 1943ஆம் ஆண்டு சுபாசு சந்திர போசு கிழக்காசியா வந்து சேர்ந்தார். அவ்வாண்டு சூலை 4ஆம் நாள், சிங்கப்பூரில் கூடிய பேரவையில், இராசு பிகாரி போசு தம் தலைமைப் பொறுப்பை அவரிடம் மனமுவந்து ஒப்படைத்தார். முப்பது ஆண்டுகள் தாம் சுமந்த சுமையைத் தம்மினும் இளையவரிடம், தம்மினும் மக்கள் நம்பிக்கை பெற்றவரிடம், ஒரு சொல்லும் முனகாது இறக்கிவைத்தார். பதவி ஆசையோ பிறர் ஏவலோ உடையவர் அவ்வாறு செய்யார். அதன்பின் மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர்.

இராசு பிகாரி போசு 1945ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், மற்றொரு குளிர்காலத்தில், டோக்கியோவிலேயே உயிர் நீத்தார். அவர் மகனும் அவ்வாண்டிலேயே போர்க்களத்தில் மாண்டான். தாய்நாட்டின் விடுதலையைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

வள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தலை வைத்தார். அதனை அடுத்தே, நெடுநாள் நட்பினைக் கூறும் பழைமை என்னும் அதிகாரத்தை வைத்தார். ஆராய்ந்து கொண்ட நட்பே பழமை எய்தும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். டோக்கியோ நகரின் இரு நிகழ்ச்சிகளும் இவ்வுண்மைக்குச் சான்று. ரொட்டிக்கடையின் பின்கட்டில் வசதி இல்லை; ஆனால் அடைக்கலம் தந்தவர் கைம்மாறு கருதவில்லை. மாளிகை போன்ற விடுதியில் வசதி இருந்தது. ஆனால் அழைத்தவரின் கருத்துத் தெளிவாக இல்லை. முன்னதை நன்றியோடு ஏற்றதும், பின்னதை ஆராய்ந்து உறுதி கேட்டதும் இந்தியருக்குப் பெருமை தந்த செயல்களே ஆகும்.

குலசேகரன்பட்டினத்துக் கடலில் எழும் அலை எந்நாட்டுக் கரையிலிருந்து வந்தது என யாரும் கேட்பதில்லை. மனிதரின் நட்பு அத்தகையதன்று. தனி ஒருவர் மற்றொருவருக்குத் தரும் அன்பை நன்றியோடு ஏற்றல் வேண்டும். ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு நீட்டும் கையை ஆராய்ந்து பற்றுதல் வேண்டும். உப்பளத்தில் இளைஞர் உயிரைப் பணயம் வைத்ததும், குளிர் நாட்டு விடுதியில் பெரியோர் உறுதிமொழி வேண்டி நின்றதும் ஒரே ஆண்டில், ஒரே விடுதலையின் பொருட்டு நிகழ்ந்தவை என்பதை மறத்தலாகாது.